அம்மா சொன்னால் அப்படியே விட்டுவிடுவதா?

கேள்வி: 71 வயதாகும் என் அம்மாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு வலது விலாவில் அக்கி வந்தது. சர்க்கரையும் உண்டு. ஆரம்பத்தில் எரிச்சல், அப்புறம் கொப்புளம். தங்கை மகள் வளைகாப்பு முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். குயவரிடம் அக்கி எழுதினோம். கொப்புளம் காய்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. எனக்கு வயது 51. இது எனக்கும் தொற்றுமா? தடுப்பூசி இருக்கிறதாமே?

- கும்பகோணம் வாசகர்

பதில்: 'அம்மாவே சொல்லிவிட்டார்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மா வேறு எப்படிச் சொல்வார்? வீட்டில் விசேஷத்தை வைத்துக்கொண்டு தன் உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றே வளர்ந்தவர் அவர். அவர் சொன்னது உங்களுக்கும் வசதியாக இருந்தது, கேட்டுக்கொண்டீர்கள். பெற்றவள் வேண்டாம் என்றாலும் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவதுதான் பிள்ளையின் வேலை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஏனென்றால் அக்கியில் நாள்தான் கணக்கு. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஏதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வரும், அதனால்தான் ஒரு பக்கமாக மட்டும் பட்டையாகக் கிளம்புகிறது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாதிரி மாத்திரையை ஆரம்பித்தால் நோயின் வேகம் குறையும். குயவர் குழைத்துப் பூசிய காவி தோலுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கலாம், நரம்புக்குள் இருக்கும் வைரஸை அது தொடவே தொடாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போயிருக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் அங்கே போனீர்கள், கோபம் அதில்தான்.

மூன்று மாதம் தாண்டியும் வலிக்கிறது என்றால் அது அக்கி விட்டுப்போன நரம்பு வலி. ரவிக்கை உரசினால், மின்விசிறிக் காற்று பட்டால்கூடச் சுரீரென்று இழுக்கும். பலர் ராத்திரி தூங்குவதே இல்லை, வீட்டில் யாருக்கும் சொல்வதும் இல்லை. சாதாரண வலி மாத்திரை இதற்குப் போதாது, நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. இந்த வாரமே கூட்டிப் போங்கள், சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கி அக்கியாகத் தொற்றாது. கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்கும் அதற்குத் தடுப்பூசி போடாதவர்களுக்கும் சின்னம்மை வரலாம்; கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் அது ஆபத்து. வளைகாப்புப் பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை! பொருக்கு உலர்ந்துவிட்டால் பயமில்லை, அம்மா பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம்.

ஊசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ், 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேல், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அக்கி வராமல் தடுத்திருக்கிறது. விலை அதிகம்தான். ஒருமுறை அக்கி வந்தவர்களுக்கும் போடலாம், அதனால் டாக்டரிடம் அம்மாவுக்கும் சேர்த்தே கேளுங்கள். கை இரண்டு நாள் வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம், அதற்குப் பயந்து இரண்டாவது டோஸை விட்டுவிடாதீர்கள்.