சவூதி எண்ணெய் வயலில் டேங்கர் ஓட்ட 2,400 ரியால்: போகலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு தேறியவன். ஹெவி லைசென்ஸ் எடுத்து 9 வருடம் ஆகிறது. நாமக்கல்லில் டேங்கர் ஓட்டுகிறேன். சவூதியில் தம்மாம் கம்பெனி ஒன்றுக்கு, எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளுக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம். பேசிக் 1,200 ரியால், சாப்பாட்டுக்கு 300, ஓவர்டைமோடு "எல்லாம் சேர்த்து 2,400 வரும்" என்கிறார் ஏஜென்ட். 1,30,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: 2,400-ஐ விட்டுவிட்டு 1,200-ஐப் பாருங்கள். சவூதி தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு 40 ரியால், மணிக்கு 5. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 7.50. இனி ஏஜென்ட் போட்ட கணக்கைப் பிரித்துப் பாருங்கள். தினம் 12 மணி நேரம் வீதம் 26 நாள் என்றால் 104 மணி ஓவர்டைம்; அது 780. வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் இரண்டு நாள் வேலை, அந்த 16 மணியும் ஓவர்டைம்தான், அது 120. சாப்பாடு 300. எல்லாம் கூட்டினால் 2,400, பைசா பிசகாமல்.

இங்கேதான் வில்லங்கம். ஓவர்டைமைச் சேர்த்தும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். அந்த வரம்புக்குள் நாளுக்கு 2 மணி வீதம் 26 நாளில் 52 மணி ஓவர்டைம், அது 390; கைக்கு வருவது 1,890. மிச்சம் 510 ரியால் உங்கள் தூக்கத்தின் விலை. சட்டத்துக்குட்பட்டு 2,400 பார்க்க வேண்டுமானால் பேசிக் 1,600 இருக்க வேண்டும்: மாதம் 52 மணி ஓவர்டைம் 520, சாப்பாடு 300, மொத்தம் 2,420. ஏஜென்டிடம் பேச வேண்டிய எண் இதுதான். பேசிக் குறைந்தால் விடுப்புச் சம்பளமும் பணிக்கொடையும் சேர்ந்தே இளைக்கும். முதல் 5 வருடத்துக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. 2 வருடம் முடியுமுன் நீங்களாக ராஜினாமா செய்தால் அதுவும் கிடையாது.

தண்ணீர் டேங்கரில் ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். ரிக்கில் தொட்டி காலியாகும் வரை ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள்; மூன்று நான்கு மணி நேரம் ஓடிவிடும். "ட்ரிப்புக்கு இவ்வளவு" என்று சம்பளம் பேசினால் இந்த நேரம் கணக்கிலேயே வராது. மணிக்கணக்கில்தான் சம்பளம் என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் இறக்கிய ரசீதில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் போட்டு ரிக்காரர் கையெழுத்து வாங்கி, கேம்புக்குத் திரும்பிய பிறகு போனில் படம் எடுத்து வையுங்கள். ரிக்குக்குள் போனை எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் படம் எடுத்தால் வேலையே போய்விடும்.

அடுத்தது விசா. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர்ப்பக்கத்து ஏஜென்ட்கள் விளையாடும் இடம் இது. விசாவில் தொழிலின் பெயர் அரபியில் இருக்கும். "ஸாயிக் ஷாஹினா" என்றால் லாரி டிரைவர். "ஸாயிக் காஸ்" என்றால் ஹவுஸ் டிரைவர். "விசா எதுவானாலும் என்ன, வேலை டேங்கர்தானே" என்று சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஹவுஸ் டிரைவர் உட்பட வீட்டு வேலைக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதிகள். மேலே போட்ட ஓவர்டைம் கணக்கு முழுவதும் அங்கே செல்லாது. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்தால் ஒரு வருடம் முடித்த கம்பெனித் தொழிலாளி முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறலாம். ஹவுஸ் டிரைவரை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு, சொந்த கஃபீலை (விசா கொடுத்த முதலாளியை) விட்டு வேறொருவரிடம் லாரி ஓட்டுவதே குற்றம். பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்றால், கஃபீல் சம்மதிக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு விலை சொல்வார். அரபி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், ஊர் பள்ளிவாசல் இமாமிடமாவது, விசாவைக் காட்டிவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

1,30,000 கேட்பது பகல் கொள்ளை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. பதிவு எண்ணைக் கேட்டு இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். "நான் சப்-ஏஜென்ட், மெயின் ஆபீஸ் மும்பையில்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் எடுக்கும் செலவு, இக்காமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை), வேலை அனுமதி, முடிந்து திரும்பும் டிக்கெட் நான்கும் முதலாளி செலவு என்று சவூதி சட்டம் சொல்கிறது. அங்கே எடுக்க வேண்டிய ஹெவி லைசென்ஸைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்தச் செலவு யாருடையது, லைசென்ஸ் வரும் வரை பேசிக் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பத்தாவது தேறியதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கும். படிக்காதவரின் ஒப்பந்தத்தைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒரு பார்வையாவது பார்க்கிறது. உங்களுடையதை யாரும் பார்ப்பதில்லை. பத்தாவது தேறினால் அரபி ஒப்பந்தம் தானாகப் புரிந்துவிடும் என்று எந்த மேதை கண்டுபிடித்தாரோ! அதனால் அந்த வேலையும் உங்கள் தலையில்தான். அங்கே போனதும் சவூதி அரசின் "கிவா" தளத்தில் உங்கள் பெயரில் ஏறும் ஒப்பந்தத்தை, ஊரில் கையெழுத்திட்டதோடு ஒப்பிடுங்கள். பேசிக் மாறியிருந்தால் ஒப்புதல் தராதீர்கள்.

வண்டிக்குச் சேதம் உங்கள் தவறால் என்றாலும் மாதம் 5 நாள் சம்பளத்துக்கு மேல் பிடிக்க முடியாது. போக்குவரத்து அபராதம் இக்காமா எண்ணில் ஏறும். சவூதி அரசின் "அப்ஷர்" செயலியில் வாரம் ஒருமுறை பாருங்கள். கட்டாமல் விட்டால் ஊருக்குக் கிளம்பும் நாளில் எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) அடிக்க மாட்டார்கள். சம்பளப் பாக்கி இருந்தால் வேலை முடிந்த 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு மேல் நீதிமன்றம் எடுக்காது. ரசீதுப் படங்களையும் ஒப்பந்த நகலையும் வீட்டிலும் ஒருவரிடம் அனுப்பி வையுங்கள். அங்கே போன் தொலைந்தாலும் கணக்கு இங்கே இருக்கும்.