ஜென்பாங்க் இருக்கும்போது பற்றீரியாக்களுக்கு ஏன் தனித் தரவுத்தளம்?

‘எல்லா உயிர்களின் மரபணு வரிசைகளும் ஜென்பாங்கில் கிடக்கின்றன. பிறகு ஏன் நோய்க்கிருமிகளுக்கென்று பப்எம்எல்எஸ்டி என்ற தனித் தரவுத்தளம் வந்தது? வட இலங்கையின் வன்னியில் இருக்கும் எங்களுக்கு அதனால் என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியா மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். டிஎன்ஏயின் எழுத்து வரிசையை வாசிக்கும் இயந்திரத்தை நான் தொட்டதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி என் மேசைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

ஜென்பாங்க் என்ற பொது மரபணு வரிசைக் காப்பகத்தின் கதை பலரும் அறிந்தது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வகத்தில், முன்பு ஹைட்ரஜன் குண்டு வேலையில் இருந்த வால்டர் கோட் என்ற இயற்பியலாளர் 1979இல் தொடங்கிய தொகுப்பிலிருந்து வளர்ந்தது. 1982 டிசெம்பரில் அதில் இருந்தவை 606 வரிசைகள், 680,338 டிஎன்ஏ எழுத்துகள். ஆய்விதழ்களைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்த காலம் அது. பின்னர் ஆய்வாளர்களே நேரடியாக அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பியவர் சொன்னதே பதிவு; இனத்தின் பெயரை அவர் பிழையாகக் கொடுத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைக் குறையென்று சொல்லமாட்டேன், காப்பகத்தின் இயல்பு அது.

நோய்க்கிருமி ஆய்வாளர்களின் தேவை வேறு. ஒரே இனத்துக்குள் இந்தக் கிளை எது, அந்த ஊரில் நோயைப் பரப்பியதும் இதுவா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். 1990களில் அதற்கான வழி, பற்றீரியாவின் டிஎன்ஏயை நொதியால் வெட்டி ஜெல்லில் ஓட்டி, விழும் கோடுகளைப் படமெடுப்பது. ஒரே ஆய்வுகூடத்துக்குள் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒருவரின் படத்தை இன்னொருவரின் படத்தோடு நம்பிக்கையாக ஒப்பிடுவது பெரும்பாடு.

1998இல் மார்ட்டின் மேய்டனும் பிரயன் ஸ்பிராட்டும் அவர்களுடைய சகாக்களும் மூளைக்காய்ச்சல் பற்றீரியாவான நைசீரியா மெனிஞ்சிட்டிடிஸை வைத்து ஒரு மாற்றுவழியைக் காட்டினார்கள். எல்லாப் பற்றீரியாவும் உயிர்வாழத் தேவையான சில மரபணுக்களில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 450 எழுத்துகள் கொண்ட துண்டை மட்டும் வாசிப்பது. ஒரு துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் புதிய எண். பொதுவாக ஏழு மரபணுக்கள், ஏழு எண்கள். அந்தச் சேர்க்கைக்கு ‘வரிசை வகை’ என்று ஓர் எண். இனிப் படம் அனுப்பத் தேவையில்லை, எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் எண்ணை வழங்குபவர் ஒருவராக இருக்க வேண்டுமே! இரண்டு நாடுகள் ஒரே எண்ணை இரண்டு வகைகளுக்குக் கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். தனித் தரவுத்தளம் வந்ததன் காரணம் இதுதான். புதிய வகை என்று எவராவது சொன்னால், அதற்கான ஆதாரத்தைப் பொறுப்பாளர் ஒருவர் சரிபார்த்த பிறகே எண் வழங்கினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு தளமும் ஒக்ஸ்ஃபோர்டில் கீத் ஜொலியின் கையில் பப்எம்எல்எஸ்டியும் இயங்கின. முன்னதில் இருந்த பல இனங்கள் பிறகு ஒக்ஸ்ஃபோர்டுக்கு மாறின. முழு மரபணுத்தொகுதிகளையும் தாங்கும் மென்பொருள் 2010இல் வெளிவந்தது.

இனி வன்னி. மெலியோய்டோசிஸ் என்ற நோயை 1911இல் ரங்கூனில் அல்ஃபிரட் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் கண்டார்கள். அதை உண்டாக்கும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பற்றீரியா ஈரமண்ணிலும் வயற்சேற்றிலும் வாழ்கிறது. காலபோக மழையில் வெறுங்காலோடு வயலில் நிற்கும், நீரிழிவு உள்ள கமக்காரர் அதற்கு ஏற்ற இரை. இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவானார். பிறகு நெடுங்காலம் எவரும் பெரிதாகத் தேடவில்லை; கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர்கள் 2000களின் பிற்பகுதியில் தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அது அகப்பட்டது.

இந்தப் பற்றீரியாவுக்கான ஏழு மரபணுத் திட்டம் 2003இல் வந்தது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் பற்றீரியா, எங்கள் சேற்றுப் பற்றீரியாவின் ஒரு கிளையே என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. ஏழு எண்கள் எப்போதும் போதுமானவை அல்ல: கம்போடியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒரே வரிசை வகையாகத் தோன்றியவை, முழு மரபணுத்தொகுதியை வாசித்தபோது தொடர்பில்லாதவை என்று 2015இல் தெரியவந்தது.

2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நால்வருக்கு இந்நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். ஒருவரும் வெளிநாடு போனதில்லை. பற்றீரியாவின் மரபணுத்தொகுதி தெற்காசியாவின் பக்கம் கைகாட்டியது. அதன் பிறகுதான் இந்தியாவில் தயாரான ஒரு வாசனைத் தெளிப்புப் போத்தலில் அது அகப்பட்டது. மந்தையில் கலந்த மாட்டைக் குறிசுட்ட அடையாளத்தால் இன்னாருடையது என்று சொல்வோமல்லவா, அதுபோலத்தான். தெற்காசியப் பற்றீரியாக்களை எவரோ ஏற்கனவே பதிந்து வைத்திராவிட்டால் அந்த ஒப்பீடு நடந்திராது.

ஆகவே இயந்திரம் இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதற்கு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பலாம். எங்கள் பங்கு அதற்கு முந்தியது. நோயாளியின் இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும்போது வரும் கிராம்-எதிர்க் கோலை, அதாவது கிராம் சாயச் சோதனையில் எதிராக வரும் கோல்வடிவப் பற்றீரியாவை, ‘மாசு’ என்றோ ‘ஏதோ சூடோமோனாஸ்’ (வேறொரு பற்றீரியா) என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. ஒக்சிடேஸ் சோதனை நேர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் பணியவில்லை, கோ-அமோக்சிக்ளாவுக்குப் பணிகிறது என்றால் உடனே சந்தேகப்பட்டு, வளர்ப்புத் தட்டைப் பாதுகாப்பு அலமாரிக்குள் வைத்து, வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சந்தேகப்படப் பெரும்பாலும் இந்த அடையாளம் போதும். விண்ணப்பத் தாளில் நோயாளியின் கிராமம், தொழில், நீரிழிவு உண்டா, மழைக்காலமா என்பவை இருந்தால் பின்னர் வரும் வரிசை வகை எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கும். இப்போது பெரும்பாலான தாள்களில் வயதும் வார்ட் இலக்கமும் மட்டுமே வருகின்றன.