நெட்வொர்க் பணம் தரவில்லை, எங்கே போய்க் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: அஃபிலியேட் நெட்வொர்க்கில் (நம் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் விளம்பரதாரரிடமிருந்து கமிஷன் வாங்கித் தரும் இடைநிலைக் கம்பெனி) உழைத்துச் சேர்த்த கமிஷன் கைக்கு வரவில்லை. அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரி சமையலறைச் சாமான்களைப் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். குருகிராமில் உள்ள ஒரு நெட்வொர்க்கின் லிங்க் வழியாகக் கமிஷன் வரும். இரண்டு வருடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, போன தீபாவளிக்குப் பிறகு ஒரு பைசா வரவில்லை. டாஷ்போர்டில் 1,84,000 ரூபாய் 'அப்ரூவ்ட்' என்று நிற்கிறது. மேனேஜரைக் கேட்டால் விளம்பரதாரர் இன்னும் தரவில்லை என்றார், இப்போது போனையே எடுப்பதில்லை. இந்தப் பணம் வருமா?
– ஈரோடு வாசகி

பதில்: வர வழி இருக்கிறது. ஆனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால், இன்றைக்கே லாகின் செய்து உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அந்தக் கணக்கு திறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆர்டர் எண், தேதி, தொகை, நிலவரம் எல்லாம் உள்ள ரிப்போர்ட்டை மாதவாரியாக டவுன்லோடு செய்யுங்கள். முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளின் நகல், பழைய பேமெண்ட் வந்த வங்கி ஸ்டேட்மெண்ட், மேனேஜரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எல்லாமே வேண்டும். எடுத்த ஃபைலில் கை வைக்காதீர்கள், பெயரை மாற்றக்கூட ஒரு நகல் எடுத்து அதில் மாற்றுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது ஹாஷ் மதிப்போடு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீடு) ஒரு சான்றிதழும் சேர்த்துத் தரவேண்டும், அதற்கு மூல ஃபைல் அப்படியே இருந்தால்தான் நல்லது.

அடுத்தது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது: டாஷ்போர்டில் தெரியும் தொகை அவர்கள் கையில் இருக்கும் கணக்கு. 'அப்ரூவ்ட்' என்பதை ஒரே ராத்திரியில் 'ரிவர்ஸ்டு' (ரத்து) என்று மாற்றிவிட அவர்களால் முடியும். அந்தத் தொகை உங்களுக்குத் தரவேண்டிய கடன்தான் என்று அவர்கள் வாயாலேயே, எழுத்தில் வரவேண்டும். அதனால் கோபமில்லாமல் நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இணைத்திருக்கும் கணக்குப்படி இன்ன தேதி வரை 1,84,000 ரூபாய் பாக்கி, இதில் எந்த ஆர்டரையாவது ஏற்கவில்லை என்றால் எண்ணைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் பணம் வரும் தேதியைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். அவர்கள் "சரி, அடுத்த சுற்றில் தருகிறோம்" என்று ஒரு வரி பதில் போட்டாலும் அது உங்கள் கையில் கிடைத்த பெரிய ஆதாரம். பண வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. அந்தக் காலத்துக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கொடுத்தாலோ (அதற்கும் எழுத்தில் பதிவு இருக்கவேண்டும்) அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும்.

விளம்பரதாரர் தரவில்லை என்கிற பதிலைப் பற்றி. பல நெட்வொர்க்குகளின் ஒப்பந்தத்தில், விளம்பரதாரரிடமிருந்து பணம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தருவோம் என்று ஒரு விதி இருக்கும், படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அது அவர்கள் பிரச்சினை, உங்களுடையது இல்லை. இருந்தால், நேராக அந்த மிக்ஸி கம்பெனியின் அஃபிலியேட் பிரிவுக்கே எழுதி, இந்த மாதங்களுக்கான கமிஷனை நெட்வொர்க்குக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேளுங்கள். கொடுத்தாயிற்று என்று அவர்கள் சொன்னால் அந்த விதியின் பின்னால் ஒளிய முடியாது. கொடுக்கவில்லை என்றாலும், எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதாவது தெரியும்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள், பலருக்கு இது தோன்றுவதே இல்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏ.எஸ். படிவத்தை (உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியின் பட்டியல்) திறந்து, பணம் வராத மாதங்களுக்கு அந்தக் கம்பெனி டி.டி.எஸ். (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி) கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கமிஷனுக்கான டி.டி.எஸ்., பணம் தரும்போது அல்லது கணக்கில் வரவு வைக்கும்போது, எது முந்தியோ அப்போது பிடிக்கவேண்டியது (2024 அக்டோபர் முதல் 2 சதவீதம், அதற்கு முன்பு 5 சதவீதம்). பணம் தராமலே உங்கள் பான் எண்ணில் வரி கட்டியிருந்தால், இவ்வளவு தொகை உங்களுக்குச் சேரவேண்டியது என்று அவர்களே அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, கேட்டும் தரவில்லை, அப்புறம்? உங்களிடம் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இருக்கிறதா? இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சேவை வாங்கியவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. மத்திய சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அது இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் வசதிக் குழுவுக்குப் போகும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சேவை கொடுத்தவர் இருக்கும் ஊரின் குழுதான் விசாரிக்கும். ஒப்பந்தத்தில் குருகிராம் கோர்ட் என்று போட்டிருந்தாலும் நீங்கள் குருகிராமுக்கு அலைய வேண்டாம். தனியாக ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) விதி இருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலே என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. குழுவின் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும்.

உத்யம் இல்லையென்றால் இன்றே பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது, விளம்பரச் சேவை என்று போடுங்கள். பழைய பாக்கிக்கு அது உதவுமா என்பதில் மட்டும் சிக்கல் இருக்கிறது: பதிவுக்குப் பிந்தைய சேவைக்குத்தான் பலன் என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு மாற்றுக் கருத்து சொல்லி, பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியது. இனிமேல் வரும் வருமானத்துக்காவது பாதுகாப்பு இருக்கட்டும்.

இந்த வழி அடைத்தால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அவர்களின் பதிவு அலுவலக முகவரியைப் பார்த்து (இலவசம்தான்) வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், அசையாவிட்டால் சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்கள் தொகைக்கு 5,520 ரூபாய். ஆனால் அந்தக் குருகிராம் விதி இங்கே குறுக்கே வரும், வக்கீலிடம் முதலில் அதைக் காட்டுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், நீங்கள் அங்கே சேவை கொடுத்தவர், வாங்கியவர் இல்லை.

அந்த லிங்குகளை எல்லா வீடியோவிலிருந்தும் மாற்றிவிட்டீர்களா? இன்னும் இருந்தால், தராதவர்களுக்கு இன்றைக்கும் நீங்கள் வியாபாரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அமெரிக்க நெட்வொர்க் ஒன்றில் 640 டாலர் நிற்கிறது. 'பேமெண்ட் ஆன் ஹோல்டு' என்கிறார்கள், காரணம் சொல்லவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– மதுரை வாசகர்

பதில்: அப்படி முடிவு கட்டுவதற்கு முன் உங்கள் டபிள்யூ-8பென் படிவத்தைப் பாருங்கள். அமெரிக்கர் அல்லாதவர் கொடுக்கும் அந்த வரிப் படிவம், கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் கடைசி நாளோடு பொதுவாகக் காலாவதி ஆகிவிடும். 2022-ல் எப்போது போட்டிருந்தாலும் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதைப் புதுப்பிக்காமல் பேமெண்ட் நிற்பது உண்டு. வங்கிக் கணக்கில் உள்ள பெயருக்கும் நெட்வொர்க்கில் கொடுத்த பெயருக்கும் இனிஷியல் வித்தியாசம் இருந்தாலும் நிற்கும், நம் ஊர்ப் பெயர்களில் இது அடிக்கடி நடக்கிறது. குறைந்தபட்சத் தொகை எட்டியிருக்கிறதா, பொறுத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததா என்பதையும் பாருங்கள். அமேசானிலேயே மாத முடிவுக்குப் பிறகு ஏறக்குறைய 60 நாள் ஆகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தரவில்லை என்றால், ஒப்பந்தத்தின் அடியில் எந்தக் கம்பெனி, எந்த நாட்டுச் சட்டம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். சில நெட்வொர்க்குகளுக்கு இந்தியாவிலும் பதிவு செய்த கம்பெனி இருக்கும், ஒப்பந்தம் அதனோடு இருந்தால் மேலே சொன்ன வழிகள் உங்களுக்கும் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி மட்டும்தான் என்றால், 640 டாலருக்காக அங்கே வக்கீல் வைப்பது கட்டுப்படியாகாது, இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. விளம்பரதாரருக்கு எழுதுவதும், அவர்களின் வேறொரு நெட்வொர்க்குக்கு மாறிக்கொள்வதும்தான் கையில் உள்ள ஆயுதம். பிரிட்டிஷ் கம்பெனியாக இருந்தால் மட்டும் கூடுதலாக ஒரு வழி உண்டு: கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அந்நாட்டுக் கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் அதன் நிலவரத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்க விண்ணப்பித்திருந்தால், பாக்கிக்கான ஆதாரத்தோடு நீங்கள் ஆட்சேபணை தெரிவித்து அதை நிறுத்திவைக்க முடியும். இழுத்து மூடிவிட்டு நழுவப் பார்ப்பவர்களை இது பேச்சுக்கு இழுக்கும்.

கேள்வி: எங்கள் நெட்வொர்க் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். 70,000 ரூபாய் போனதுதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: கையை விட்டுவிடாதீர்கள், ஆனால் முழுசாக எதிர்பார்க்கவும் வேண்டாம். சிறு தொகைக்காக ஒரு கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு நீங்களே இழுக்க முடியாது, 2020 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சம் ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்கவேண்டும். ஆனால் வேறு யாரோ இழுத்து வழக்கு ஏற்கப்பட்டுவிட்டால், 70,000 ரூபாய்க்காரரும் கோரிக்கை கொடுக்கலாம். ஐ.பி.பி.ஐ. (திவால் நடவடிக்கைகளைக் கண்காணிக்கும் வாரியம்) தளத்தில் அந்தக் கம்பெனியின் பொது அறிவிப்பைத் தேடுங்கள், அதில் தீர்வு அதிகாரியின் மின்னஞ்சலும் கடைசித் தேதியும் இருக்கும். சேவை கொடுத்தவர்களுக்கானது படிவம் 'பி'. அதை நிரப்பி, ஆதாரங்களோடு மின்னஞ்சலில் அனுப்பலாம், கட்டணம் இல்லை. அவகாசம் பொதுவாக 14 நாள்தான். தாமதமானாலும் கொஞ்ச காலம் வரை காரணம் சொல்லிக் கொடுக்க வழி இருக்கிறது, அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கிகளுக்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வரும், அதனால் கிடைப்பது பெரும்பாலும் கொஞ்சம்தான். இந்தத் தொழிலில் ஒருவர் விழுந்தால் அடுத்தவரையும் சேர்த்து இழுப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மீடியாமேத் என்ற விளம்பரத் தொழில்நுட்பக் கம்பெனி 2023 ஜூன் கடைசியில் டெலவேர் கோர்ட்டில் திவால் மனு போட்டபோது, அதனிடமிருந்து பணம் வரவேண்டிய விளம்பர எக்ஸ்சேஞ்சுகள் (இணைய விளம்பர இடம் விற்கும் சந்தைகள்) தவித்தன, அவற்றை நம்பியிருந்த இணையதளங்களுக்கும் கலக்கம் பரவியது. அங்கேயும் பணம் வரவேண்டியவர்கள் ஒரு கோரிக்கைப் படிவத்தைக் கடைசித் தேதிக்குள் கொடுக்கவேண்டும், கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

கேள்வி: போலீஸில் புகார் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்காதா?
– சேலம் வாசகர்

பதில்: வெறும் பாக்கி என்றால் சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் கதை வேறு: போலி கம்பெனிப் பெயர், சேருவதற்குப் பணம் கட்டச் சொன்னது, ஓடிப்போகும் முன் புதிதாக ஆள் சேர்த்தது மாதிரி. அப்படியானால் சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுங்கள், அதே நெட்வொர்க்கால் ஏமாந்த மற்றவர்களையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பில் போட்டு ஜி.எஸ்.டி.யும் கட்டிவிட்டேன், நெட்வொர்க் பணமே தரவில்லை. கட்டிய வரி திரும்ப வருமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வராக்கடனுக்காக ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெற நம் சட்டத்தில் வழி இல்லை, இது சிறு தொழில் செய்பவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்களை இறுக்கவும் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லை வைத்து எடுத்த வரி வரவை (தாங்கள் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொண்ட தொகை) அவர்கள் வட்டியோடு திருப்பவேண்டும். இதைக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு, மேனேஜருக்கு இல்லை, பில் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். உத்யம் பதிவு இருந்தால் கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, தரும் வரைக்கும் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்க முடியாது, 2024 ஏப்ரலில் வந்த விதி இது. மேனேஜர் கண்டுகொள்ளாத கடிதத்தை ஆடிட்டர் கண்டுகொள்வார்.

கேள்வி: நிலுவையை வசூலித்துத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். முன்பணம் 8,000, அப்புறம் என் நெட்வொர்க் பாஸ்வேர்டும் வேண்டுமாம். கொடுக்கலாமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வேண்டாம், இரண்டில் எதையும் கொடுக்காதீர்கள். பணம் இழந்தவர்கள் கூடும் குழுக்களில் இப்படிப்பட்டவர்கள் காத்திருப்பார்கள். பாஸ்வேர்டு போனால் உங்கள் கணக்கில் வங்கி விவரத்தை மாற்றி, ஒருவேளை வரப்போகிற பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான வக்கீல் என்றால் பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், அவருக்கு உங்கள் பாஸ்வேர்டு எதற்கும் தேவையில்லை, நீங்கள் டவுன்லோடு செய்த ரிப்போர்ட் போதும். ஏற்கெனவே 8,000 அனுப்பியிருந்தால் 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) இப்போதே போன் போட்டு, பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் அதை உடனே மாற்றிவிட்டு, கணக்கில் இருக்கும் வங்கி விவரம் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள்.