ஒட்டினால்தான் 'அபட்'

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தில் 'தி பிளாட் அபட்ஸ் தி ரோட்' என்று பார்த்தேன். 'அபட்' (abut) என்றால் பக்கத்தில் இருப்பதுதானே? எல்லோருக்கும் தெரிந்த 'அட்ஜேசன்ட்' என்றே எழுதிவிட்டால் என்ன?

பதில்: வம்புதான். மனைக்கும் சாலைக்கும் நடுவே ஓரடி அகலத்துக்கு வேறொருவர் நிலம் கிடக்கிறது என்று வையுங்கள். அப்போதும் மனை சாலைக்கு 'அட்ஜேசன்ட்' என்று ஒருவர் வாதாடலாம். அந்தச் சொல்லுக்கு அருகில் இருந்தாலே போதும், தொட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் நீங்கள் சாலையில் கால் வைக்க அந்த ஓரடிக்காரரின் தயவு வேண்டும். 'அபட்' இந்த இடைவெளியை அனுமதிக்காது. இதன் விளிம்பு அதன் விளிம்பைத் தொட்டே ஆக வேண்டும். வாங்குகிறவர் நீங்கள் என்றால் 'அபட்'டை விட்டுக்கொடுக்காதீர்கள். 'அட்ஜாயின்' என்றாலும் பெரும்பாலும் ஒட்டியிருப்பதுதான், ஆனால் அதையும் சிலர் தாராளமாகவே நீட்டுகிறார்கள்.

முனை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது 'அபட்'. அதனால்தான் பாலத்தின் இரு கோடியிலும் கரையோடு சேர்ந்து பாரம் தாங்கும் கட்டுமானத்துக்கு 'அபட்மென்ட்' என்று பெயர். பல் மருத்துவரும் இதே சொல்லைச் சொல்வார்: விழுந்த பல்லுக்குப் 'பிரிட்ஜ்' கட்டும்போது அதைத் தாங்கும் பக்கத்துப் பற்கள் 'அபட்மென்ட்'.

அமெரிக்காவில் ஒட்டிய நிலத்துக்காரரை 'அபட்டர்' என்பார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற 'ஸோனிங்' விதிகளுக்கு விலக்குக் கேட்டு யாராவது விண்ணப்பித்தால், விசாரணை பற்றி அபட்டர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். சாலைக்கு நேர் எதிரே இருப்பவருக்கும் உண்டு. அதோடு விடாமல், 300 அடிக்குள் இருக்கும் 'அபட்டர்களின் அபட்டர்க'ளுக்கும் உண்டு என்கிறது சட்டம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்! ரசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, எழுதும்போது கவனிக்க வேண்டியவை. 'அபட்ஸ் தி ரோட்', 'அபட்ஸ் ஆன் தி ரோட்' இரண்டும் சரி. சுவரில் முட்டி நிற்பதற்கு 'அகெய்ன்ஸ்ட்' சேர்க்கலாம். 'வித்' வேண்டாம், தமிழில் 'சாலையோடு ஒட்டி' என்று நினைத்துக்கொண்டே எழுதுவதால் கைதவறி வந்து விழுவது அது. 'இஸ் அபட்டிங்' என்பதும் வேண்டாம். நிலம் தினமும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லையே! இறந்தகாலத்தில் 'டி' எழுத்து இரட்டிக்கும், அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால். 'விசிட்'டில் அழுத்தம் முதல் அசையில், அங்கே இரட்டிக்காது. அப்புறம், தட்டச்சில் ஓர் 'ஓ' நுழைந்தால் 'அபவுட்' ஆகிவிடும். அதுவும் சரியான சொல்தான் என்பதால் கணினி பெரும்பாலும் சிவப்புக்கோடு போடாது.

கேள்வி: நாடுகளுக்கும் 'அபட்' எழுதலாமா?

பதில்: தவறில்லை, ஆனால் 'பார்டர்' இருக்கும்போது அது எதற்கு? போர்ச்சுகல் ஸ்பெயினை மட்டுமே 'பார்டர்' செய்கிறது. சீனாவும் ரஷ்யாவும் ஆளுக்கு 14 நாடுகளை. ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும் நிலப்பரப்பைச் சொல்ல 'கன்டிகுவஸ்' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் 'கன்டிகுவஸ்' மாநிலங்கள் 48. ஹவாய் கடலில் இருப்பதால் சேராது. அலாஸ்கா, நடுவில் கனடா வந்துவிட்டதால் சேராது.