பதிவேடு 1821, முகப்புக் கல் 1894: எது சரி?

வணக்கம். உங்கள் பங்கு ஆலயத்தின் முகப்புக் கல்லில் 1894 என்றிருக்கிறது, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேடோ 1821-இல் தொடங்குகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையுமே நம்பலாம். பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் சமூகம் வேறு, கட்டடம் வேறு. திருமணப் பதிவேடு வைக்கும்படி கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இலேயே பங்குத்தந்தையரைப் பணித்துவிட்டது. இப்படிக் கட்டடத்தைப் பற்றியல்ல, மக்களைப் பற்றியே எழுதுவதால் பதிவேடு பெரும்பாலும் பங்கு மக்களின் வரலாற்றைச் சொல்லும். கல், இப்போது நிற்கும் சுவரின் வரலாற்றை. பழைய கோயிலை இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிதாகக் கட்டுவது சாதாரணமாக நடந்ததுதான்.

கூர்முனை வளைவுகளைப் பார்த்து இடைக்காலக் கட்டடம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்த வளைவுகளைக் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியான கோதிக், 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி பரவியது.

உள்ளே சுவர்களை உற்றுப் பாருங்கள். செதுக்கியோ வரைந்தோ பன்னிரண்டு சிலுவைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெழுகுவத்தித் தாங்கி என்று இருந்தால், ஆயர் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயைப் பூசி ஆலயத்தை அர்ச்சித்த, அதாவது வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்திய இடங்கள் அவை. இது மிக நல்ல தடயம். அர்ச்சிப்பு நாள் அடிக்கல் நாளிலிருந்து பல ஆண்டுகள் தள்ளிக்கூட இருக்கும். எனவே 1894 அடிக்கல்லா, அர்ச்சிப்பா என்று கல்லின் வாசகத்தை முழுசாகப் படியுங்கள்.

பீடம் சுவரைவிட்டுத் தள்ளி நிற்பது பெரும்பாலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) பிந்தைய மாற்றம். அதை வைத்து வயதைக் கணிக்க வேண்டாம். அப்புறம், மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் கட்டுமானக் கணக்கு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.