ஈ தீர்ந்துபோன அச்சகம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரமத்தி வேலூரில் குடியிருக்கிறேன். முழுப்பரீட்சை விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருக்கிறாள். சில எழுத்துகளைக் கொடுத்து, அவை வரும் ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடித்து வரச் சொல்லிப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். நான் பென்சிலும் காகிதமுமாக அரை மணி நேரம் உட்கார்ந்து நாலு சொல் தேற்றினேன். அவளோ, "அப்புச்சி, போனில் எழுத்துகளைப் போட்டால் அதுவே சொல்லிவிடும்" என்று நாற்பது சொற்களை நீட்டினாள். பாதிக்கு மேல் அவளுக்கும் பொருள் தெரியாது, எனக்கும் தெரியாது. இது காப்பி அடிப்பதுதானே? போன் இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒரு வாசகர், பரமத்தி வேலூர்

அன்புள்ள ஐயா,

காப்பிதான், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் பேத்தியைத் திட்டாதீர்கள். போன் செய்கிற வேலை நாம் செய்கிற வேலையே கிடையாது. அது அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. நீங்கள் கொடுத்தவற்றையும் அப்படியே அடுக்கி, எது எதோடு பொருந்துகிறது என்று பார்க்கிறது. 'லிசன்', 'சைலண்ட்' இரண்டையும் அடுக்கினால் ஒரே வரிசை வரும். 'கேள்' என்பதும் 'அமைதி' என்பதும் போனுக்கு ஒரே வீட்டு விலாசம்.

முதலில் அந்தத் தாளை இன்னொரு முறை படியுங்கள். கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் செய்ய வேண்டுமா, அவற்றோடு வேறு எழுத்துகளும் வரலாமா, அல்லது அவை அதே வரிசையில் ஒட்டியே நிற்க வேண்டுமா? மூன்றும் மூன்று கணக்கு. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

வழி கேட்டீர்கள். நான் அதைக் கற்றுக்கொண்டது ஈரோட்டில் பெரியப்பா வைத்திருந்த அச்சகத்தில். ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் காலம். ஆங்கில எழுத்துப் பெட்டியில் அறைகள் ஏ, பி, சி வரிசையில் இருக்காது. ஈ எழுத்துக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய அறை, கைக்கு எட்டும் நடுவிடத்தில். க்யூவும் இசட்டும் மூலையில் சிறு குழிகளில் கிடக்கும். எந்த எழுத்து எத்தனை முறை புழங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த மரப்பெட்டி சொன்னது.

ஒருநாள் மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அலங்கார எழுத்தில் ஆங்கிலப் பக்கம் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர், "ஈ தீர்ந்துவிட்டது" என்று குரல் கொடுத்தார். அலங்கார எழுத்து விலை அதிகம் என்பதால் கொஞ்சமாகத்தான் வாங்கி வைத்திருந்தார்கள். 'எஸ்டீம்ட் பிரசன்ஸ்' என்ற இரண்டு சொற்களுக்கு மட்டும் ஏழு ஈ வேண்டும், எண்ணிப் பாருங்கள். அவர் அரை நிமிடம் விட்டத்தைப் பார்த்துவிட்டு 'கைண்ட் கம்பெனி' என்று கோத்தார். ஓர் ஈ கூட இல்லை. 'என்' எழுத்து தீர்ந்தால் யூவைத் தலைகீழாக நிறுத்திச் சமாளிப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் குறைவு; எந்த எழுத்து எதன் பக்கத்தில் நிற்கும் என்பது மட்டும் விரல் நுனியில் இருந்தது.

எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் செய்யும் ஸ்கிராபிள் விளையாட்டும் இந்தப் பெட்டிக்கு உறவுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணியெண்ணி அதன் கணக்கை வகுத்தார். நூறு கட்டைகளில் ஈ மட்டும் 12. எஸ் நாலே நாலு. அதிகம் கொடுத்தால் எல்லோரும் பன்மை விகுதியைச் சேர்த்தே பிழைத்துக்கொள்வார்கள்.

ஆகவே, சொல்லைத் தேடாதீர்கள். எழுத்துகளில் யார் யாரோடு சேருவார் என்று பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சி, டி, எம், என், ஓ, ஆர், யூ, இன்னொரு யூ. (தமிழில் எழுதும்போது இது ஒரு தொல்லை: டி என்றால் டாக்டரா டிக்கெட்டா? இங்கே டாக்டர்.) எட்டு எழுத்து, ஈ இல்லை, யூ இரண்டு. ஆல்பம், ஸ்டேடியம், மியூசியம் எல்லாம் எப்படி முடிகின்றன? ஒரு யூவையும் எம்மையும் கடைசியில் கொண்டுபோய் வையுங்கள். மிச்சத்தில் யூ, என், டி மூன்றும் கூட்டாளிகள். 'ஃபண்ட்', 'ரவுண்ட்' இரண்டிலும் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றையும் சேர்த்தால் சி, ஓ, ஆர் மட்டும் மீதி. 'கார்னர்' எப்படித் தொடங்குகிறது? முன்னால் வைத்துப் படியுங்கள்: கொரண்டம்.

மாணிக்கமும் நீலமும் இந்தக் கல்லின் வகைகளே. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகவே ஆங்கில அகராதிகள் காட்டுகின்றன. நிலவு மண் மாதிரி செய்ய இஸ்ரோ பாறை எடுத்த உங்கள் சித்தம்பூண்டி வட்டாரத்தில் இது கிடைக்கிறது. போன் காட்டிய நாற்பதில் இப்படி எத்தனை நம் வீட்டுப் பிள்ளைகளோ, பொருள் பார்க்காமல் தள்ளிவிட்டிருப்பீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம், காப்பி அடித்ததில் இல்லை.

நம் பழைய அணியிலக்கணத்தில் எழுத்து வருத்தனம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் எழுத்தைக் கூட்டக் கூட்ட வேறு வேறு சொல் பிறக்கும். 'கல்'லின் நடுவே ஓர் எழுத்தை வைத்தால் 'கடல்' வருகிற மாதிரி. இந்தக் குருந்தக் கல்லோடும் ஓர் 'என்' கூட்டிப் பேத்தியிடம் கொடுங்கள். ஒன்பது எழுத்து, ஒரு சொல். அடுத்த வரியைப் படிக்கும்போது மட்டும் திரையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கனண்ட்ரம். விடுகதைக்கு ஆங்கிலத்தில் அதுவும் ஒரு பெயர்.