பழைய காரில் பிடித்த துருவை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: திருவாரூர் பக்கம் வீடு, தாத்தா விட்டுப்போன 1992 மாருதி 800, கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது, கால் வைக்கும் இடத்தில் மேட் எப்போதும் ஈரம். பட்டறையில் கேட்டால் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து அடித்துவிடலாம் என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா, எவ்வளவு ஆகும்?

முடியும். முக்கால்வாசி வேலை வீட்டிலேயே ஆகிவிடும். வெல்டிங்கையும் கடைசிப் பெயிண்டையும் மட்டும் தெரிந்தவர் கையில் விடுங்கள். நான் மெக்கானிக் இல்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம். மாமா வைத்திருந்த 1985 பிரீமியர் பத்மினியை மூன்று கோடையில் ஓடவைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆர்.சி. புத்தகத்தில் பத்மினி என்றிருக்கும். எங்கள் ஊரில் அதை யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஃபியட்தான்.

அந்த கார் கெட்டுப்போனதே எங்கள் அக்கறையால்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தபோது கொட்டகைக் கீற்று முழுக்கப் பறந்துவிட்டது. தென்னை காருக்கு இரண்டடி தள்ளி விழுந்ததே பெரிய புண்ணியம் என்று நினைத்தோம். வீட்டைப் பார்ப்பதா, விழுந்த மரத்தை அறுப்பதா, காரை யார் பார்ப்பது? ஒரு தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துவிட்டோம். தப்பு அங்கேதான். வெறுமனே மழையில் நின்றிருந்தால் தண்ணீர் வழிந்து, வெயிலில் காய்ந்திருக்கும். தார்ப்பாய்க்குள்ளோ, மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் ராத்திரியில் தகரமெல்லாம் வேர்க்கும், பகலில் வேகும், மறுபடி வேர்க்கும். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே நின்றது. பக்கத்திலேயே மாட்டுக்கொட்டில் வேறு. மாட்டு மூத்திரத்தின் உப்பும் அம்மோனியாவும் இரும்புக்கு ஆகவே ஆகாது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

2021 மாசியில் எங்கள் ஊரில் கார் தகர வேலை செய்யும் டிங்கர் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. கதவுக்குக் கீழே நீளமாகப் பெட்டி போல ஓடுகிறதே, பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள், அதை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் தொப் என்றது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"இது தகரம் இல்ல தம்பி, அப்பளம்."

பிரித்துப் பார்த்தால் மேலே விரல் கனத்துக்குப் பட்டி, அதற்குக் கீழே கோணிச் சாக்குத் துண்டு, அதன்மேல் தார். பத்து வருடம் முன்பு ஒரு பட்டறையில் "ஃபுல் டிங்கரிங்" என்று காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. சாக்குக்குப் பின்னால் ஒரு கை அளவு ஈரக் களிமண், உமி, வைக்கோல் துணுக்கு. அதில் ஒரு நெல் முளைத்து, வெயில் படாமல் வெளிறி, நூல் போல வளைந்து கிடந்தது. அண்ணன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "நாத்து விட்டிருக்கீங்க" என்றார்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன். துருவைப் பிறகு பாருங்கள், முதலில் வடிகாலைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருவது பெரிய காரியமில்லை, வடிகால் அடைந்தால்தான் பயிர் அழுகும். காரும் அப்படியே. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகத்தான் செய்யும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அது இறங்க கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தூசியும் பழைய பெயிண்டும் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவு குளமாகிவிடும். துரு உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். இரும்பைவிடத் துரு அதிக இடம் அடைக்கும், அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. நீங்கள் வெளியே கொப்புளத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் உள்ளே வேலை பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் பட்டி வைப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுவதுதான்.

உங்கள் மேட் ஈரத்துக்கும் இதே கதை இருக்கலாம். மேட், கார்பெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒருவரை டார்ச்சோடு உள்ளே படுக்கச் சொல்லுங்கள். வெளியே நின்று, வைப்பருக்குக் கீழே உள்ள கிராதி மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அடுத்தது முன்கண்ணாடி ரப்பரைச் சுற்றி, அப்புறம் கதவு. ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. எனக்கு முன்கண்ணாடி ரப்பரின் ஒரு மூலைதான் அத்தனைக்கும் காரணம். புது ரப்பர் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது.

பட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் போதும். தகரத்தில் ஒட்டும், பட்டிக்கு மேல் வழுக்கி விழும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் சட்டைப்பையில் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

எப்போது செய்வது என்பது டெல்டாவில் எப்படிச் செய்வது என்பதைவிட முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் தொடங்கமாட்டார்கள். ஆனால் மழை விட்டதே என்று தையில் தொடங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. பனி தகரத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆடியில் மேல்காற்று, ஈரப் பெயிண்ட் மேல் ஊர்ப் புழுதி எல்லாம் வந்து ஒட்டும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் நமக்கு. அப்போதும், காலையில் சுரண்டிப் பளபளவென்று ஆக்கிய இரும்புக்குச் சாயங்காலத்துக்குள் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் விடியும்போது மஞ்சளாகப் பூத்திருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கழுவும் தண்ணீர். கடலோரத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் துருவின் சின்னக் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்துவிடும், மேலே என்ன அடித்தாலும் கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும். நான் முதல் கோடையில் வீட்டு போர்வெல் தண்ணீரில் கழுவி காரின் ஃப்ளோருக்குப் பிரைமர் அடித்தேன். அடுத்த தைக்குள் அத்தனையும் உரிந்துவிட்டது. இரண்டாவது முறை, தொட்டியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசித் துடைத்தேன், நின்றுவிட்டது.

சுரண்டும் வேலை சலிப்பானது, ஆனால் கஷ்டமில்லை. கிரைண்டரில் கம்பி பிரஷ், இடுக்குகளுக்குக் கை பிரஷ், கடைசியில் 80, 120 நம்பர் உப்புத்தாள். பிரஷ்ஷின் கம்பிகள் ஊசி போலத் தெறிக்கும், முகம் முழுக்க மூடும் கவசம் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் நல்ல முகமூடியும் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. உதிரும் துரு எல்லாம் போய், குழிகளில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருப்பதற்குத்தான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி. அது மிச்சத் துருவை பாஸ்பேட் படலமாக மாற்றிவிடும். அடைஅடையாக இருக்கும் துருவுக்கு மேல் பூசினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் அப்படியேதான் இருக்கும். டப்பாவில் சொன்னபடி காயவைத்துத் துடைத்த பிறகு எபாக்சி பிரைமர். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ரெட் ஆக்சைடு அடிப்பார்கள். வீட்டு இரும்புக் கேட்டுக்கு அது சரி. சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதை மட்டும் அடித்துவிட்டு மழைக்காலம் முழுக்க காரை நிறுத்தினால் அத்தனை வேலையும் வீண்.

சின்னச் சாமான்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. போல்ட், கீல், பிராக்கெட் இவற்றை பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவை சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பழைய பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அந்தச் சாமானிலும் பாசிட்டிவை ஒரு பழைய கட்டடக் கம்பித் துண்டிலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு ராத்திரியில் துரு சேறாக இறங்கிவிடும், நல்ல இரும்பு ஒன்றும் குறையாது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் வைக்க வேண்டும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டுவிடாதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது, குளோரின் கிளம்பும்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு மருந்து இல்லை. வெட்டித்தான் ஆகவேண்டும், அதுவும் ஓட்டை அளவுக்கு இல்லை, நல்ல தகரம் வரும் வரைக்கும். நான் வெட்டியது உள்ளங்கை அளவு ஓட்டைக்கு ஒன்றரை முழம். 20 கேஜ் தகரம் வாங்கினேன், 8க்கு 4 அடித் தாள் 21 கிலோ வரும், அதில் பாதி மிச்சம். அண்ணன் மெல்லிய தகரத்துக்கு ஏற்ற மிக் வெல்டிங் மெஷின் எடுத்துவந்தார். கேட் செய்கிற ஆர்க் வெல்டிங்கை இவ்வளவு மெல்லிசில் வைத்தால் பொத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டே போகாமல் இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, சூடு ஆறியபின் நடுவில் ஒன்று என்று வைத்தார், இல்லாவிட்டால் தகரம் சூட்டில் நெளியும். உங்கள் மாருதியோ என் ஃபியட்டோ, அடியில் தாங்கும் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது, பாடிதான் சட்டகம். அதனால் ரன்னிங் போர்டை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து கதவே மூடாது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாக வையுங்கள். காலி டேங்க்தானே என்று நினைக்க வேண்டாம், ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். பக்கத்தில் நனைத்த சாக்கும் மணல் வாளியும் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது. செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

பெயிண்டை நான் பட்டறைக்கே விட்டேன். இப்போதைய பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, சாதாரண முகமூடியோடு அதை ஸ்ப்ரே செய்தால் நுரையீரல் போகும். ஆனால் பட்டி எங்கே, எவ்வளவு கனம் என்பதை நின்று பார்த்துக்கொண்டேன். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, அதுவும் எபாக்சி பிரைமருக்கு மேல்தான். அடிப்பக்கத்துப் பெட்டிகளுக்குள் மெழுகு கலந்த ஸ்ப்ரேயை நீளக் குழாய் வைத்து அடித்தேன். பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்வார்கள், ரப்பர் புஷ் எல்லாம் ஊதிவிடும்.

செலவு: வெல்டிங்கும் கூலியும் 19,000, தகரம் 2,000, பிரைமர், துருமாற்றி, தின்னர் வகையில் 9,000, பெயிண்ட் 24,000. மொத்தம் 54,000 ரூபாய். இன்ஜின் வேலை தனி.

இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். வண்டி ஆர்.சி.யில் உள்ள நிறத்திலேயே இருந்தால் அலைச்சல் குறைவு.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, கதவின் அடியில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுக் குடையுங்கள். ஈர்க்கு வளையும், பெயிண்டைக் கீறாது. எந்தக் கதவிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வருகிறதோ அந்தக் கதவிலிருந்து தொடங்கலாம்.

என் ஃபியட்டில் இடது பின் கதவில் போன ஐப்பசியில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. கடுகளவுதான். பங்குனி வரட்டும் என்று அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.